7716-க்கு முந்நூறு ரூபாய்

காலடிப்பேட்டை மெட்ரோ படிக்கட்டில் உட்கார்ந்து
அட்டைக்குப் பணம் ஏற்றினேன்.
எட்டு ஐம்பது வண்டிக்கு இன்னும் ஆறு நிமிஷம்.
மேலே கவுன்டரில் வரிசை, வரிசைக்குள் சில்லறைச் சண்டை.
போனில் என்றால் மூன்று தொடல்:
எண், தொகை, சரி.

எண்ணைப் பார்க்கவில்லை.
போன் தன் ஞாபகத்திலிருந்து
ஒன்றை எடுத்துக் கொடுத்தது, நானும் வாங்கிக்கொண்டேன்.
டிங்.
முந்நூறு ரூபாய்
7716-இல் முடியும் அட்டைக்கு.

என்னுடையது 3092.

7716 பிலோமியுடையது.
அவள் போன் கிணற்றில் விழுந்த வருஷம்
அவளுக்கும் நான்தான் ஏற்றினேன்.
காசைக் கையில் தருவாள்.
தம்பி காசிமேட்டில் மீன் ஏலம் கூறுகிறவன்,
அவள் தருகிற நோட்டில் எப்போதும் கொஞ்சம் ஈரம்.
மண்ணடிவரை ஒரே பெட்டி, ஒரே கம்பி,
ஒரே ஹெட்போனில் ஆளுக்கொரு காது.

பிறகு நாலாயிரம் ரூபாய்.
பையனின் பள்ளிக்கூடத்துக்கு என்று வாங்கினேன்.
அடுத்த மாசம் என்றேன், எட்டு மாசம் சொன்னேன்.
ஒருநாள் நாலு பேர் பார்க்க
பிளாட்பாரத்தில் கேட்டாள்.
"உன் பிச்சக் காசு யாருக்குமே வேணும்?"
என்று கத்தினேன்,
அவள் காசு என் வீட்டில் பீஸ் ரசீதாக இருக்கும்போதே.

அதன்பின் அவள் ரயிலின் அந்தக் கோடி,
நான் இந்தக் கோடி.

உதவி எண்ணில் ஒரு பெண் சொன்னாள்:
"திருப்ப முடியாதுங்க மேடம்.
அந்த கார்டு கேட்டுல தட்டுற வரைக்கும்
பணம் நிலுவையில இருக்கும்."
நிலுவையில் என்றால் எங்கே என்று கேட்டேன்.
வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றாள்.

டோல்கேட் தாண்டி
வண்டி மண்ணுக்குள் இறங்கும்,
கன்டெய்னர் லாரி, மணலிப் புகை, சிக்னல்
எல்லாம் ஒரே இழுப்பில் அறுந்துபோகும்.
அந்த முந்நூறும் அப்படி எங்கோ
எனக்கும் இல்லாமல் அவளுக்கும் இல்லாமல்.

நாலு நாள் பார்த்தேன். நிலுவையில்.
வேலையை விட்டுவிட்டாளா,
அட்டையைத் தொலைத்தாளா,
அந்த முட்டிவலி மறுபடி வந்துவிட்டதா.
ஐந்தாம் நாள்:
சேர்ந்தது. தண்டையார்பேட்டை. காலை 9.02.
இன்றைக்கும் பத்து நிமிஷம் லேட்,
சிரித்துவிட்டேன், பக்கத்து சீட்காரர் பார்த்தார்.

நாலாயிரத்தில் முந்நூறு போனால்
மூவாயிரத்து எழுநூறு.
அடுத்த மாசம் தெரிந்தே போட்டேன்,
ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்து.
அதற்கடுத்த மாசமும்.
ரெண்டு ரூபாய் குறைந்தால் கடையையே கூட்டுகிறவள்
முந்நூறு கூடினால் வாய் திறக்கவில்லை.
தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.
கடனை இப்படித் திருடன்போல் கட்டுவதில்
ஒரு சௌகரியம் இருந்தது, முகம் தேவையில்லை.

நாலாவது மாசத்துப் பணம் ஏறவில்லை.
பத்து நாள், பன்னிரண்டு நாள்.
பதினைந்து ஆனால் எனக்கே திரும்பிவிடும் என்றது போன்.
எனக்கு அது திரும்பி வர வேண்டாம்.

பதிமூன்றாம் நாள் தண்டையார்பேட்டையில் இறங்கினேன்.
ஒன்பதுக்கு மேல்.
கேட்டருகே அவள் இல்லை.
கவுன்டர் வரிசையில் ஏழாவதாக,
கையில் இருபது ரூபாய் நோட்டோடு
டிக்கெட் வாங்க நின்றிருந்தாள்,
அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே.

போய்ப் பின்னால் நின்றேன்.
அதே தேங்காயெண்ணெய், அதே உதிர்ந்த ஹேர்ப்பின்.
வரிசை நகரவில்லை,
யாரோ ஐந்நூறுக்குச் சில்லறை கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூவாயிரத்தி நூறு," என்றாள் திரும்பாமல்.

நான் வைத்திருந்த கணக்கு இரண்டாயிரத்து எண்ணூறு.
"நாலு தடவ போட்டேன் பிலோமி."

"தட்டுனாதானே ஏறும்? நாலாவத தட்டல.
மீதிய கையில குடு."

முன்னால் ஒரு ஆள் நகர்ந்தது.
அவள் ஒரு அடி வைத்தாள்.
நான் பர்ஸைத் திறந்தேன்,
எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும்,
இருந்தாலும் எண்ணினேன்.